பனிநாட்டுப் பொறிவேடர்

ஒரு விலங்கின் மயிரை நாடிச் சென்றவர்களாலே ஒரு தேசத்தின் எல்லை வகுக்கப்பட்டது என்று சொன்னால், வாசகர்களிற் பலர் அதனைப் புனைந்துரை என்றே கொள்வர். ஆயினும் கனடா தேசத்தின் வரலாறு பெரிதும் அத்தகையதே. அந்நாட்டின் 5 சத நாணயத்தை எடுத்துப் பார்ப்போர், அதன் ஒரு புறத்திலே முடிக்குரியவரின் தலையையும், மறுபுறத்திலே குந்தியிருக்கும் தடித்த பிராணி ஒன்றையும் காண்பர். 1937ஆம் ஆண்டு முதல் அப்பிராணி அந்த நாணயத்தில் இடம்பெற்று வருகின்றது. அதற்கும் முன்னே, 1851ஆம் ஆண்டிற் கனடா மாகாணம் தனது முதலாவது தபால் முத்திரையை வெளியிட்டபோது, அரசியின் உருவம் இருக்கவேண்டிய இடத்திலே அமர்ந்ததும் அதுவே.

பீவர் என்பது அதன் பெயர். நம் நாட்டில் அப்பிராணி இல்லாமையால் அதற்குத் தமிழிலே பெயருமில்லை. நம் பழந்தமிழ் நூல்கள் கூறும் நீர்நாய் வேறு. அது மீனுண்ணும் சாதி. பீவரோ மரப்பட்டையைத் தின்று வாழ்வது. எலிக்கும் அணிலுக்கும் உறவினது. ஆயினும் நன்கு வளர்ந்த பீவர் ஒன்று 50 இறாத்தலுக்கு மேலும் நிறை கொள்ளும்.

1983ஆம் ஆண்டிற்குப் பின்னர் எம்மவர் பல்லாயிரவர் கனடாவிற் சென்று குடியேறினர். அவர்களுள் நானும் ஒருவன். ரொறன்ரோ மாநகரில் வாழும் எம்மவர்க்கு அந்நாட்டின் வடபாகம் பெரும்பாலும் வரைபடத்திலே காணும் பச்சை நிறம் மாத்திரமே. தொழிலின் பொருட்டுச் சில காலம் ஒன்ராறியோ மாகாணத்தின் வடபுறத்திலே தங்க நேர்ந்தமையால், அந்தப் பச்சை நிறத்தினுள்ளே வாழ்ந்த மனிதர் சிலரோடு எனக்குப் பழக்கம் உண்டாயிற்று. அவர்கள் பொறிவேடர். மென்மயிர் பொருந்திய விலங்குகளைப் பொறிவைத்துப் பிடிப்பது, ஒரு காலத்தில் அவர்களது குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில். இன்று அது சிலருக்குப் பொழுதுபோக்கு, சிலருக்குப் பாரம்பரியம், பலருக்குப் பழிக்கத்தக்க கொடுமை. அந்தத் தொழிலைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன்.

தொப்பிக்காக வந்த கொம்பனி

ஒல்லாந்தர் கறுவாவை நாடி நம் இலங்கையைக் கைப்பற்றிய அதே நூற்றாண்டிலே, பிரான்சியரும் ஆங்கிலேயரும் பீவர்த் தோலை நாடி வட அமெரிக்காவின் காடுகளுட் புகுந்தனர். கறுவா உணவுக்கு வாசனை தந்தது. பீவர் தலைக்குத் தொப்பி தந்தது. அக்காலத்து ஐரோப்பாவிலே கனவான் என மதிக்கப்பட விரும்பிய எவரும் பீவர்த் தொப்பி அணியாமல் வெளிக்கிடமாட்டார்.

பீவரின் தோலிலே இருவகை மயிர் உண்டு. புறத்தே நீண்டு பருத்த மயிரும், அதன் அடியிலே பஞ்சுபோன்ற மென்மயிரும் இருக்கும். இந்த அடிமயிரின் ஒவ்வோர் இழையிலும் கண்ணுக்குத் தோன்றாத நுண்ணிய கொளுக்கிகள் உள. வெந்நீரும் அழுத்தமும் பட்டவுடன் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஆகவே, நெய்யாமலே அழுத்தி ஆக்கப்படும் தடித்த மயிர்த்துணிக்கு இதனிலும் சிறந்த பொருள் கிடையாது. மழையிலே நனைந்தாலும் உருக்குலையாது. தொப்பி செய்வோர் மயிரைப் பதப்படுத்துவதற்குப் பாதரச உப்பைப் பயன்படுத்தினர். அதன் நச்சு ஆவியைச் சுவாசித்துக் கைகால் நடுங்கிப் புத்தி பேதலித்தோர் பலர். அழகுக்கு உரிய விலையைப் பிராணி மாத்திரமன்றி மனிதரும் கொடுத்தனர்.

1670ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் திகதி, இங்கிலாந்தின் இரண்டாம் சாள்சு மன்னர் ஒரு பட்டயம் வழங்கினார். அதன்படி ஹட்சன் குடாவிற் பாயும் ஆறுகள் நனைக்கும் நிலம் அனைத்திலும் வாணிகம் செய்யும் தனியுரிமை ஒரு கொம்பனிக்குக் கிடைத்தது. அதுவே ஹட்சன் குடாக் கொம்பனி. மன்னரின் உறவினரான இளவரசர் ரூப்பேட்டு அதன் முதற் தலைவர். அந்த நிலத்தின் பரப்பை மன்னரும் அறியார், கொம்பனியாரும் அறியார். பிற்காலத்தில் அளந்தபோது அது ஏறத்தாழ 40 இலட்சம் சதுர கிலோமீற்றர் என்று தெரிந்தது. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்துவந்த மக்களை எவரும் ஒரு வார்த்தையேனும் கேட்டிலர்.

அந்த வாணிகத்திலே பொன்னும் வெள்ளியும் நாணயமாக வழங்கவில்லை. பதப்படுத்திய நல்ல பீவர்த் தோல் ஒன்றே கணக்குக்கு அலகு. கம்பளியும், துப்பாக்கியும், கேத்தலும், தூண்டிலும் இத்தனை பீவர் என்றே விலை சொல்லப்பட்டன. நரித்தோலும் நீர்நாய்த்தோலும்கூட இத்தனை பீவருக்குச் சமம் என்றே கொள்ளப்பட்டன. பிற்காலத்திலே கொம்பனியார் பித்தளையில் வில்லைகள் அடித்து வழங்கினர். முழுத் தோல், அரைத் தோல், காற் தோல், அரைக்காற் தோல் என நான்கு வகை அவற்றில் இருந்தன.

இத்தகைய பேராசையின் முன்னே பிராணி எத்தனை நாள் நிற்கும்? ஐரோப்பியர் வருமுன் வட அமெரிக்காவிலே குறைந்தது 6 கோடி பீவர்கள் இருந்திருக்கும் என அறிஞர் மதிப்பிடுவர். ஒரு நதிக்கரை வெறுமையானால் அடுத்த நதி. அதுவும் முடிந்தால் அதற்கப்பாற்பட்ட நதி என்று வணிகர் மேற்கு நோக்கிப் போயினர். 1820களில், அமெரிக்க வணிகர் உள்ளே நுழையாவண்ணம், பாம்பாறு எனப்படும் சினேக் நதியின் நாட்டிலே ஒரு பீவரும் மிஞ்சாமற் பிடித்துவிடுமாறு கொம்பனியார் தம் ஆட்களை ஏவினர். பகைவனுக்குக் கிடையாதபடி கிணற்றைத் தூர்ப்பது போன்ற செயல் அது. 1840களை அண்டிப் பட்டுத் தொப்பி நாகரிகமாகாதிருந்தால், பீவர் நாணயத்திலும் முத்திரையிலும் மாத்திரமே எஞ்சியிருக்கும்.

1870ஆம் ஆண்டிலே கொம்பனியின் நிலம் கனடாவுக்குக் கைமாறிற்று. அதற்குக் கொம்பனி பெற்ற ஈடு 3 இலட்சம் பவுண்.

பொறியின் கதை

பொறி என்றவுடன் நம் மனக்கண்ணில் இருப்புப் பற்கள் தோன்றும். ஆனால் இரும்பு பிந்தி வந்தது. ஆதிக்குடிகள் மரத்தையும் கயிற்றையுங்கொண்டே பொறி செய்தனர். இரையைத் தொட்டவுடன் பாரமான கட்டை மேலே விழுந்து கொல்லும் பொறி ஒன்று. கழுத்தைச் சுருக்கும் கண்ணி இன்னொன்று. நம் வன்னிக் காட்டவர்க்கும் கண்ணி புதியதன்று.

19ஆம் நூற்றாண்டிலே நியூயோர்க்கு மாநிலத்தைச் சேர்ந்த சியூவல் நியூஹவுசு என்ற கொல்லர், வில்லுடன் கூடிய உருக்குப் பொறியைச் செம்மையாகச் செய்தார். அவர் சேர்ந்திருந்த ஒனைடா என்னும் சமயக் குழுவினர் அதனைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்து விற்றனர். காலைக் கவ்விப் பிடிப்பது அப்பொறியின் தன்மை. அகப்பட்ட விலங்கு உடனே சாவதில்லை. வேடன் வரும்வரையும் கிடந்து வருந்தும். சில விலங்குகள் தம் காலைத் தாமே கடித்து அறுத்துக்கொண்டு தப்பியதும் உண்டு. இந்தத் தொழில்மீது உலகம் சுமத்திய பழியிற் பெரும்பங்கு இப்பொறியினாலே வந்தது.

அந்தப் பழியை முதலில் உணர்ந்தவர்களுள் வேடரும் இருந்தனர் என்பது பலர் அறியாத செய்தி. இங்கிலாந்திற் பிறந்து, கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களிலே நெடுங்காலம் பொறிவேடராக வாழ்ந்த பிராங்கு கோனிபெயர் என்பவர், தம் பொறிகளில் விலங்குகள் பட்ட வேதனையைக் காணச் சகியாமற் பல்லாண்டு முயன்று புதிய பொறி ஒன்றை ஆக்கினார். சதுரமான இரண்டு கம்பிச் சட்டங்கள். இரு புறமும் வில். விலங்கு அதனூடு புகுந்தவுடன் சட்டங்கள் கழுத்திலோ மார்பிலோ அடித்து விரைவிற் கொல்லும். 1950களின் பிற்பகுதியிலே அது விற்பனைக்கு வந்தது. இன்று பீவருக்கு வைக்கப்படும் பொறிகளிற் பெரும்பாலானவை அந்த வகையினவே.

எந்தப் பொறியும் வைத்தவனின் அறிவளவுக்கே நல்லது. வைத்தவன் அறியாதவனாயின் அது எதையும் கொல்லும். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், நம் மலைநாட்டின் நல்லதண்ணிப் பகுதியிலே கம்பிக் கண்ணி ஒன்றில் அகப்பட்டுப் பின்னர் இறந்துபோன கருஞ்சிறுத்தையை வாசகர்கள் மறந்திரார். அதனை எண்ணி எவரும் அந்தக் கண்ணியை வைத்திருக்கமாட்டார். ஆயினும் சிறுத்தை செத்தது. பனிநாட்டுப் பொறிவேடரின் திறமை முழுவதும் இந்த ஒன்றிலேதான் அடங்கியிருக்கின்றது: தான் தேடிய விலங்கையன்றி வேறொன்றையும் தன் பொறி தொடாதவாறு வைப்பது.

உறைந்த ஏரியின்மேல்

ஒரு தை மாதத்திலே, எழுபது வயதைக் கடந்த பொறிவேடர் ஒருவருடன் அவரது காட்டுக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. புகையிரதப் பகுதியில் வேலை பார்த்து இளைப்பாறியவர் அவர். “இது எனக்கு வயிற்றுப் பிழைப்பன்று. தகப்பனார் விட்டுச்சென்ற பழக்கம்,” என்றார். அரசாங்கம் அவருக்குக் காட்டின் ஒரு பகுதியைப் பொறிநிலமாகப் பதிந்து கொடுத்திருந்தது. அவ்வெல்லைக்குள்ளே வேறொருவரும் பொறி வைக்க முடியாது; அவரும் தமக்கு விதித்த தொகைக்கு மேற் பிடிக்க முடியாது. உத்தரவுப் பத்திரம் பெறுவதற்கு முன்னே எவரும் அதற்குரிய பயிற்சி வகுப்பில் தேறியிருத்தல் வேண்டும்.

அன்று குளிர் சுழியத்துக்குக் கீழ் 25 பாகை. மூச்சு விட்டால் அது மீசையிலே பனியாக உறைந்தது. எங்கும் வெள்ளை; எங்கும் மௌனம். எனக்கு அந்த ஏரி வெறும் வெளியாகவே தோன்றிற்று. அவருக்கோ அது விரித்துவைத்த ஏடு.

ஏரியின் ஓரத்திலே குச்சியும் சேறும் குவிந்த மேடு ஒன்றைக் காட்டினார். அதுவே பீவரின் மனை. அதன் வாயில் நீருக்கடியில் இருக்கும். அறை நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும். மேட்டின் உச்சியிலே வெண்பனி சற்று உருகி, நூல்போன்ற ஆவி எழுந்தது. “உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்,” என்றார். இலையுதிர் காலத்திலே பீவர் தன் மனைக்குப் புதுச்சேறு பூசும். பூசாத மனை வெறுமனை. மனைக்கு அருகே, பனிக்கட்டிக்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருந்த கிளைகள், மாரிக்கென்று அது நீரினுள் அடுக்கி வைத்த உணவு. அந்த அடுக்கின் பருமனைப் பார்த்து, உள்ளே சிறு குடும்பமா பெருங்குடும்பமா என்று அவர் சொன்னார். பீவர் ஒருமுறை துணை சேர்ந்தால் பெரும்பாலும் பிரிவதில்லை. குட்டிகள் இரண்டு ஆண்டளவும் தாய் தந்தையரோடிருந்து, அணை கட்டவும் மரம் வெட்டவும் பழகிய பின்னரே வேறிடம் தேடிப் புறப்படும்.

பின்பு கீழே குனிந்து பனியை ஒதுக்கினார். கண்ணாடிபோன்ற பனிக்கட்டியினுள்ளே வெண்முத்துக்கள் கோத்தாற்போலக் காற்றுக் குமிழிகள் உறைந்து கிடந்தன. பீவர் நீருக்கடியில் நீந்துகையில் அதன் மயிரிலிருந்தும் மூக்கிலிருந்தும் வெளிப்பட்ட குமிழிகள் அவை. அதுவே அதன் பாதை. நம்மூர் அலவாங்கு போன்ற நீண்ட உளியினால் அந்த இடத்திற் குத்தித் துளை செய்து, இரு தடிகளுக்கிடையே பொறியைப் பொருத்தி, மனைவாயிலுக்கு நேரே நீருள் இறக்கினார். நீருக்கடியில், மனைவாயிலின் எதிரே வைக்கப்பட்ட அந்தப் பொறியில் நரி படாது, பறவை படாது, நாய் படாது.

முன்னரே வைத்திருந்த பொறியொன்றை அவர் தூக்கியபோது அதில் ஒரு பீவர் இருந்தது. செம்பழுப்பு மயிரிலிருந்து நீர் வழிந்தது. இரும்புச் சத்தினாலே செம்மஞ்சள் நிறம் ஏறிய முன்பற்களும், செதில் படர்ந்த அகன்ற வாலும், மடித்து வைத்த கைபோன்ற முன்னங்கால்களும் என் கண்முன்னே கிடந்தன. மரக்கறி உணவே உண்ணும் வீட்டிலே வளர்ந்தவன் நான். என் முகம் மாறியதை அவர் கண்டிருக்கவேண்டும்.

“உமக்கு இது வருத்தம் தருவதில்லையா?” என்று கேட்டேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. “எனக்குப் பதினொரு வயதாக இருக்கையில், பழைய காற்பொறியில் அகப்பட்ட நரி ஒன்றைத் தகப்பனார் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அந்தப் பொறிகள் இப்போதும் என்னிடம் இருக்கின்றன, சுவரிலே தொங்குகின்றன. பனியில் அவற்றை வைப்பதில்லை,” என்றார்.

காட்டுக் குடிலுக்குத் திரும்பியதும் அவர் தோலை உரித்த முறை ஒரு சித்திர வேலை போல இருந்தது. பீவர்த் தோலை வயிற்றுப்புறத்திற் கீறி விரித்து, கொழுப்பைச் சுரண்டி நீக்கி, வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இழுத்துக் கட்டி உலர்த்துவர். நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் அளந்து கூட்டுவதே தோலின் அளவு. கூட்டுத்தொகை 65 அங்குலத்துக்கு மேற்பட்டால் அதற்குக் கம்பளி என்று பெயர். வாலடியிலுள்ள வாசனைப் பையையும் அவர் எடுத்து வைத்தார். வாசனைத் திரவியம் செய்வோர் முற்காலந்தொட்டு விரும்பி வாங்கிய பொருள் அது. இறைச்சி வீட்டுக்குப் போயிற்று. எதுவும் வீசப்படவில்லை.

அவரிடத்திலே பழைய கொப்பிகள் பல இருந்தன. ஏரி ஏரியாக, மனை மனையாக, எந்த ஆண்டில் எத்தனை பீவர் இருந்தன, எத்தனை பிடிக்கப்பட்டன என்று முதலிலே தந்தையாரின் கையெழுத்திலும் பின்பு அவரது கையெழுத்திலும் எழுதப்பட்டிருந்தன. “மகன் கல்கரியில் கந்தோர் வேலை. மகள் தாதி. இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். இந்தக் கொப்பியை ஒருவரும் கேட்கவில்லை,” என்றார்.

இத்தகைய கணக்குகள் இழிவானவை அல்ல. ஹட்சன் குடாக் கொம்பனியின் பழைய தோற்கணக்குகளை ஆராய்ந்தே, சாள்சு எல்ற்றன் என்னும் ஆங்கில விஞ்ஞானி, லிங்க்சு எனப்படும் காட்டுப்பூனையின் தொகை ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றது என்பதை 1942ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அதன் இரையான பனிமுயலின் பெருக்கத்தோடும் தேய்வோடும் அது இணைந்தது. இன்று உயிரியல் பயிலும் மாணவர் அனைவரும் கற்கும் பாடம் அது. அதற்கு மூலம், குளிரில் நடுங்கியபடி தோலெண்ணிய வேடரின் கணக்கு.

அழித்த கையும் காத்த கையும்

வேடர் யாவரும் ஒரு தன்மையினர் என்று எண்ணுவது பிழை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தோல்விலை ஏறியபோது, புகையிரதப் பாதை வழியே வந்த அந்நியர் ஜேம்சு குடாவைச் சூழ்ந்த காடுகளிற் புகுந்து பீவரை வேரோடு பிடித்தனர். அவர்களுக்கு அது ஒரு பருவத்துச் சம்பாத்தியம். அடுத்த ஆண்டு அவர்கள் வேறிடம் போய்விடுவர். போக்கிடமற்றவர்கள் அங்கே வாழ்ந்த கிறீ மக்கள். பீவர் போனதும் அவர்கள் பட்டினி கிடந்தனர்.

அக்காலத்தில் ரூப்பேட்டு ஹவுசு என்னும் இடத்திலே கொம்பனியின் முகாமையாளராயிருந்த ஜேம்சு வாற்று என்பவர், உயிருடன் விடப்படும் பீவருக்கு விலை கொடுத்தார். கொல்லாமற் காப்பதற்குக் கூலி! அவர் மனைவியார் மோட் வாற்று, கடும் மாரியிலே பனிமேல் நெடுந்தூரம் பயணஞ்செய்து கியூபெக்கு நகரை அடைந்து, அரசாங்கத்தாரிடம் பீவருக்கென ஒரு காப்பு நிலம் கேட்டார். 1932ஆம் ஆண்டிலே அது கிடைத்தது. காப்பு நிலத்திலே பீவர் மனைகளைத் தேடிக் கண்டு, அடையாளமிட்டு, ஆண்டுதோறும் எண்ணியவர்கள் கிறீ வேடர்களே. வேண்டிய அளவு பெருகிய பின்னர் அளவோடு பிடித்தவர்களும் அவர்களே. அவ்வாறு ஒரு நிலத்தை எண்ணிக் காக்கும் மூத்தவருக்குக் கணக்கர் என்று பெயர் வந்தது. இன்றும் கிறீ நாட்டிலே ஏறத்தாழ 300 பொறிநிலங்கள் உள; ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பாயிருக்கின்றார்.

கிறீ மக்களிடத்தே பழைய வழக்கமொன்று உண்டு. உண்ட பீவரின் எலும்பை நாய் தின்ன விடமாட்டார்கள். நீரிலே திரும்பச் சேர்ப்பார்கள். விலங்கு தன்னைத் தானே வேடனுக்குக் கொடுக்கின்றது என்பதும், மதியாதவனுக்கு அது மறுமுறை வராது என்பதும் அவர்கள் நம்பிக்கை. கொன்றுவிட்டு மரியாதை செய்வதா என்று நாம் கேட்கலாம். ஆனால் அந்த நம்பிக்கை, அளவுக்கு மிஞ்சிக் கொல்லாதபடி ஒரு சமுதாயத்தின் கையைப் பிடித்து வைத்திருந்தது என்பதை மறுத்தலும் ஆகாது.

இதே காலத்திலே வேறொரு வேடரின் மனமாற்றமும் உலகப் பிரசித்தம் பெற்றது. 1928ஆம் ஆண்டில், தாயிழந்த இரண்டு பீவர்க் குட்டிகளைக் காப்பாற்றும்படி தம் மனைவியார் அனகாரியோ வேண்ட, அவற்றை வளர்க்கத் தொடங்கிய கிரே அவுல் என்பவர் பொறியைக் கைவிட்டு, எழுத்தாலும் பேச்சாலும் பீவருக்காக வாதாடினார். தம்மைச் செவ்விந்தியக் குருதியினர் என்று அவர் கூறிவந்தார். 1938ஆம் ஆண்டில் அவர் இறந்த பின்னரே, இங்கிலாந்தின் ஹேஸ்டிங்சு நகரிற் பிறந்த ஆங்கிலேயர் அவர் என்பது வெளிப்பட்டது. பெயர் பொய்; பணி மெய்.

இவ்வாறு மீண்ட பீவரின் அருமையைப் பிறரும் அறிந்தனர். 1948ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்தார் 76 பீவர்களைப் பெட்டிகளிலிட்டு விமானத்திலிருந்து பரசூட்டு மூலம் மலைக்காட்டில் இறக்கினர். 75 உயிரோடு இறங்கின. பீவர் கட்டும் அணை நீரைத் தேக்கும். வரட்சியிலே நிலத்தை ஈரமாக வைக்கும். காட்டுத்தீயிலிருந்து ஆற்றங்கரையைக் காக்கும் என்று இன்றைய ஆராய்ச்சியாளர் கூறுவர். ஆனால் உரிய இடமல்லாத இடத்தில் அதுவே தீமை. தோல் வாணிகத்தை எண்ணி 1946ஆம் ஆண்டில் ஆர்ஜென்ரீனாவின் தென்கோடித் தீவிலே விடப்பட்ட 20 பீவர்கள் பல்லாயிரமாய்ப் பெருகி, வெள்ளத்திலே நின்று பழகாத அந்நாட்டு மரங்களை அழித்து வருகின்றன.

எதிர்ப்பும் வீழ்ச்சியும்

மென்மயிர் ஆடைக்கு எதிரான குரல் 1970களிலும் 1980களிலும் ஐரோப்பாவில் ஓங்கிற்று. காற்பொறியைத் தடைசெய்தும், அதனைக் கைவிடாத நாடுகளின் தோலை மறுத்தும் ஐரோப்பிய சமூகத்தார் 1991ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றினர். அதன் விளைவாக 1997ஆம் ஆண்டிலே ஐரோப்பிய சமூகம், கனடா, இரசியா ஆகியவை பொறிகளின் தரம் பற்றி ஓர் உடன்படிக்கை செய்தன. கொல்லும் பொறி, பீவர் போன்ற விலங்குகளை 300 விநாடிக்குள் உணர்விழக்கச் செய்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஐந்து நிமிடம் குறுகிய காலமா நெடிய காலமா என்பதை, பொறிக்குள் இருப்பதன் பக்கம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆயினும் அந்த எதிர்ப்பு இல்லாதிருந்தால் அந்த விதியும் பிறந்திராது. எதிர்த்தவர்க்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

அதே எதிர்ப்பு ஏழை வேடனின் அடுப்பையும் அணைத்தது என்பதும் உண்மை. கூட்டிலடைத்து வளர்க்கும் பண்ணையையும், காட்டிலே அளவறிந்து பிடிப்பவனையும் நகரத்தார் வேறு பிரித்துப் பார்க்கவில்லை. கிறீ மக்களுக்கு அதற்கு முன்னரே இரு பேரிடிகள் விழுந்திருந்தன. ஒன்று, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த விடுதிப் பாடசாலைகள். காட்டிலே தந்தையின் அடிச்சுவட்டில் நடந்திருக்க வேண்டிய வயதிற் பிள்ளை தன் மொழியையே மறக்கக் கற்றது. மற்றையது, 1971ஆம் ஆண்டிலே தொடங்கிய ஜேம்சு குடா நீர்மின் திட்டம். பல பொறிநிலங்கள் வெள்ளத்துள் மூழ்கின. கிறீ மக்கள் வழக்காடிப் போராடியதன் பயனாக 1975ஆம் ஆண்டு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. காட்டிலே வேட்டையாடி வாழும் குடும்பங்களுக்கு வருமான உதவியும் அதன்மூலம் கிடைத்தது.

சந்தையும் படிப்படியாகச் சரிந்தது. 1987ஆம் ஆண்டிலே ஹட்சன் குடாக் கொம்பனி தன் வடபுலத்துக் கடைகளை விற்றுவிட்டது. ரொறன்ரோவிலிருந்த பெரிய தோல் ஏல நிறுவனம் 2019ஆம் ஆண்டிற் கடனாளிகளிடமிருந்து பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. குளிர்ச்சட்டைக்குப் பெயர்பெற்ற ‘கனடா கூஸ்’ நிறுவனத்தார், இனித் தம் சட்டைகளில் விலங்கு மயிர் சேர்ப்பதில்லை என்று 2021ஆம் ஆண்டில் அறிவித்தனர். 1670ஆம் ஆண்டிற் பிறந்த கொம்பனியோ, 355 ஆண்டுகளின் பின், 2025ஆம் ஆண்டு ஆனி மாதத் தொடக்கத்திலே தன் கடைசிக் கடையையும் மூடிற்று. ஒரு தோலின் விலை காட்டுக்குப் போய்வரும் எரிபொருட் செலவுக்கும் காணாது என்று என் நண்பர் சொன்னார்.

எஞ்சி நிற்பது

தொழில் மறைந்தால் கொலையும் மறையும் என்று எண்ணுவோர் உளர். நானும் அவ்வாறு எண்ண விரும்பினேன். ஆனால் அந்த முதியவரிடமிருந்து நான் அறிந்துகொண்ட இன்னொரு செய்தி அந்த எண்ணத்தைக் கலைத்தது. பீவர் கட்டிய அணையினால் வீதி வெள்ளத்தில் மூழ்கும்போது, உள்ளூராட்சி அலுவலர் அவரைக் கூலிக்கு அழைப்பர். பெரும்பாலும் அது கோடை காலம். கோடைத் தோல் மயிருதிர்ந்து பயனற்றது. ஆகவே பிடித்த பீவரைக் குழிதோண்டிப் புதைக்க வேண்டியதுதான். “மாரியிற் பிடிப்பதற்கு எனக்குக் கிடைப்பது சொற்பம். கோடையிற் புதைப்பதற்கு நல்ல சம்பளம்,” என்று அவர் சொன்னபோது அவர் குரலிலே கசப்பிருந்தது.

இதனை எண்ணுந்தோறும் எனக்குத் தோன்றுவது இது: மயிராடையைத் துறந்த நகரத்தவர் கொலையைத் துறந்தாரல்லர். வீதி வேண்டும், வீடு வேண்டும், வெள்ளம் கூடாது. அதற்காகப் பிராணி சாகின்றது. அதனை நாம் காண்பதில்லை, அவ்வளவே. பழைய வேடன் தான் கொன்றதை அறிந்தான், எண்ணினான், அதற்குப் பெயரும் அளவும் இட்டான், அடுத்த ஆண்டுக்கு எத்தனையை விடவேண்டும் என்று கணக்குப் பார்த்தான். புதிய உலகம் கொல்வதை அறியாமலே கொல்கின்றது. இவ்விரண்டில் எது பெரிய கொடுமை என்று தீர்ப்புச் சொல்லுவது எளிதன்று.

கொல்லாமையை உயர்ந்த அறமாகக் கொண்ட மரபிலே வந்த எனக்கு, பொறியை வாழ்த்த வாய் வராது. அந்தத் தொழில் மறைவதையிட்டு நான் அழவுமில்லை. ஆயினும் அதனோடு சேர்ந்து மறையும் அறிவை எண்ணிக் கவலையுறுகின்றேன். உறைந்த பனிக்கட்டியின் கீழே உயிர் போன பாதையைக் குமிழியிலே கண்டறியும் கண் ஒரு நாளில் உண்டாகாது. பள்ளிக்கூடத்திலே கற்பித்தும் வராது. பொறி இல்லாமலே அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியுமா என்பதே இனி அந்நாட்டவர் விடைகாண வேண்டிய வினா.

அதற்கு விடை தேடுவோரும் இல்லாமலில்லை. கிறீ மக்களின் பாடசாலைகளில், நத்தார் விடுமுறை போலவே, வசந்தத்திலே காட்டுவாத்து வரும் காலத்துக்கென்று ஒரு விடுமுறை உண்டு. அந்நாள்களிற் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டுப் பாட்டன்மாரோடு காட்டுக்குப் போகின்றனர். அவர்கள் எல்லோரும் வேடராக மாட்டார்கள், ஆக வேண்டியதுமில்லை. ஆனால் எந்த மனையிலே உயிருண்டு, எந்த மனை வெறுமை என்று பார்த்துச் சொல்லக்கூடிய சிலர் அவர்களிலிருந்து வருவர். பீவர்களை எண்ணுவதற்கு அந்தச் சிலர் வேண்டும். தோல் வாங்குவோர் ஒருவருமே இல்லாத காலத்தில், இன்னும் அதிகமாக வேண்டும்.